எருசலேமில் அட்டை இல்லை

"கண்களை மூடி ஜெபிப்போம்" என்று போதகர் ஞானாபரணம் சொன்னதும் ஹெப்சிபா கண்களை மூடிக்கொண்டாள். வாயை மூடத்தான் இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அம்மா அடிக்கடி சொல்வாள். இன்றைக்கு அதையும் மூடித்தான் வைத்திருக்க வேண்டும். போன கூட்டத்தில் கடுகு விதையைப் பற்றி அவள் காலை டீயிலிருந்து சாயங்கால டீ வரைக்கும் வாதாடியதன் பலனாக, மொழிபெயர்ப்புக் குழுவில் புதிதாக ஒரு விதி பிறந்திருந்தது: ஆராய்ச்சி உதவியாளர் கேட்டால் மட்டும் பேசலாம். கேட்டால் மட்டும்! யார் கேட்கப்போகிறார்கள்? இந்த மேஜையைச் சுற்றி இருப்பதே நாலு பேர். தலைவர் ஞானாபரணம் ஐயா கேட்க மாட்டார், கேட்காமல் இருப்பதற்காகத்தானே விதியே போட்டார். தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற வேதமாணிக்கம், ஐயா கேட்டால்தான் கேட்பார். ஈரப்பாறையிலிருந்து அவளோடு விடிகாலை பஸ்ஸில் இறங்கி வந்திருக்கும் நஞ்சியக்கா, மலையில் சபைக்கு வேதம் வாசித்துக் காட்டுகிறவள், கேட்கவே வேண்டாம், அவளுக்கே எல்லாம் தெரியும். ஆனால் போதகரைக் கண்டால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். நாலாவது ஆள் ஹெப்சிபா, மொழியியல் ஆய்வாளர், அந்த மலையின் பேச்சைப் படிப்பதற்காகப் பல்கலைக்கழகத்தை விட்டு மழைக்காலமெல்லாம் அங்கேயே கிடந்தவள், இந்த மேஜையில் வாய் இல்லாத ஒரே ஜீவன். வேதத்தை ஈரப்பாறைப் பேச்சில் பெயர்ப்பதில் பாக்கி இருப்பது ஒரே ஒரு இடம். கடைசி இராப்போஜனத்தன்று ஆண்டவர் சீஷர்களுடைய கால்களைக் கழுவுகிற இடம். ஜெபம் முடிந்ததும் முடிவு, மத்தியானம் அச்சுக்கு. பிறகு ஒரு தலைமுறைக்கு ஈரப்பாறைக்காரர்கள் அந்த இடம் வரும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அப்போது ஞானாபரணம் ஐயா வந்தா பதில் சொல்லப்போகிறார்?

"கிருபையுள்ள பிதாவே" என்று ஆரம்பித்தார் ஐயா. நல்ல குரல், அதில் குறை சொல்ல முடியாது, குறை சொல்ல முடியாத எதைக் கண்டாலும் அவளுக்கு ஒரு எரிச்சல். இந்தக் காலைவேளைக்காக நன்றி சொன்னார், இந்தக் கட்டடத்தைக் கட்டித்தந்த புண்ணியவான்களுக்காக நன்றி சொன்னார், ஓடாத மின்விசிறிக்காகக்கூட ஏதோ சொன்னார். மலையில் எழுந்த அந்தச் சிரிப்பை அவர் கேட்டிருக்க வேண்டும். ஈரப்பாறையில் பெண் கேட்டு வருகிறவர்களை வாசலிலேயே நிற்க வைப்பார்கள். பெண்ணின் அப்பனுக்குச் சம்மதம் என்றால் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாப்பிள்ளை காலில் ஊற்றி, தன் துண்டாலேயே துடைத்துவிடுவான், அதோடு கல்யாணம் நிச்சயம். சம்மதம் இல்லையென்றால் வந்தவன் காய்ந்த காலோடு மலை இறங்க வேண்டியதுதான். மற்றபடி யாரும் யார் காலிலும் தண்ணீர் ஊற்றுவதில்லை, வானமே பாதி வருஷம் ஊற்றிக்கொண்டிருக்கிற ஊரில் அதற்கு என்ன அவசியம். இது எதுவும் தெரியாமல்தான், நஞ்சியக்காவைக்கூடக் கேட்காமல், குழு இங்கே, அடிவாரத்தில் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பின் முதல் படியைச் செய்து முடித்தது. கால் கழுவுவதற்கு அந்த மொழியில் அச்சு அசலாக ஒரு வழக்கே இருக்கிறது, சொம்பு துண்டு உட்பட, என்று பேராசிரியர் பூரித்துப்போனார். எழுதியதை மலையில் உரக்க வாசித்து, என்ன புரிந்தது என்று கேட்டுவருவது ஹெப்சிபாவின் வேலை. நஞ்சியக்கா வாசித்தாள். ஆண்டவர் எழுந்தார், துண்டைக் கட்டினார், தண்ணீர் எடுத்தார், அதுவரைக்கும் நல்ல அமைதி. காலில் ஊற்றினார் என்றதுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு குலவை. குலவை! "பொண்ணு யாரு?" என்று ஒரு பெரியவர் சத்தமாகக் கேட்டார். அடுத்தவன் காலிலும் ஊற்றினார் என்றதும், "பன்னெண்டு பேருக்குமா? அத்தன பொண்ணா இருக்கு அந்த ஊட்டுல?" பேதுரு வேண்டாம் என்று காலை இழுத்துக்கொள்கிற இடம் வந்தபோது எல்லோரும் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள்: "அவனுக்குத்தான் முன்னாடியே பொண்டாட்டி இருக்குதே." காட்டிக்கொடுக்கப்போகிறவன் காலிலும் ஊற்றினார் என்று வந்ததும் ஒரு அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்: "அந்தப் பயலுக்குப் பொண்ணு குடுக்காதீங்கன்னு சொல்ல ஒரு ஆள் இல்லையா அங்க?" நஞ்சியக்காவே தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். ஒரு ஜனம் முழுக்க ஆண்டவருடைய தாழ்மையைக் கல்யாணத் தரகு என்று புரிந்துகொண்டது, அதை இவர்கள் அச்சடிக்கப்போகிறார்கள், தங்க நிறத்தில் ஓரம் வைத்து.

"எங்களுக்குள்ளே இருக்கிற வாலிபப் பிள்ளைகளுக்கு ஞானத்தோடுகூடத் தாழ்மையையும் தாரும்" என்று ஐயாவின் குரல் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியது. ஆஹா, தொடங்கிவிட்டார். எனக்குத்தான். இந்த மேஜையில் வேறு எந்த வாலிபப் பிள்ளை இருக்கிறது, வேதமாணிக்கம் சாரா? "ஸ்தோத்திரம்" என்றார் வேதமாணிக்கம் சார். "எருசலேமில் அட்டை இல்லை என்பதை நீர் அறிவீர் ஆண்டவரே." ஹெப்சிபாவுக்குக் காது சிவந்துவிட்டது. இது ஜெபமா? இது ஜெபமா என்று கேட்கிறேன். எருசலேமைப் படைத்தவருக்கு எருசலேமில் என்ன பூச்சி இருக்கிறது என்று இவர் தகவல் கொடுக்கிறாராம். வாதத்தை எடுத்து நேராகக் கடவுளிடம் நீட்டிவிட்டால் மனுஷர் யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள், எந்த நீதிமன்றத்தில் உண்டு இந்த வசதி! ஒரு தரப்பு மட்டும் பேசும், மறு தரப்பு கண்ணை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் கால் கழுவுவதற்குப் பதிலாக அவள் எழுதச் சொன்ன அட்டை, ரத்தம் குடிக்கிற அந்த அட்டை, ஒன்றும் அவள் கற்பனையில் பிறந்ததில்லை. மழைக்காலத்தில் காட்டுக்குள்ளே ஏறி யார் வந்தாலும் கால் முழுக்க அட்டையோடுதான் வீடு சேருவார்கள். வீட்டிலேயே இளைய மருமகள் எவளோ அவள் கீழே உட்கார்ந்து, வந்தவரின் காலைத் தூக்கி மடியில் வைத்து, ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கிப்போடுவாள். அவளை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், பேச்சு அவள் தலைக்கு மேலே நடக்கும். பெரியவர் ஒருவர் சின்னவர் காலில் அட்டை பிடுங்கினதாக அந்த மலையில் பேச்சே கிடையாது. சிரிப்பு நடந்த மறுநாள், பஸ் பிடிக்க இறங்கி வரும்போது, சும்மா போட்டுப் பார்ப்போம் என்று, "அக்கா, ஆண்டவர் உக்காந்து அவங்க கால மடியில வெச்சு அட்டை புடுங்கினார்னு சொன்னா?" என்று கேட்டாள். நஞ்சியக்காவின் வாய் வெற்றிலையோடு அப்படியே நின்றுவிட்டது. "அவரா?" என்றாள். "கையாலயா?" கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பவும், "காட்டிக்குடுத்தவன் காலயுமா மடியில வெச்சாரு?" பிறகு பஸ் வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனத்தை எப்படி இந்த மேஜைக்குக் கொண்டுவருவது? சிரித்தார்கள் என்பதற்குச் சாட்சி சொல்லலாம், ஒருத்தி பேசாமல் நடந்தாள் என்பதற்கு என்ன சாட்சி?

அப்போதுதான் இடது கணுக்காலில் ஏதோ ஜில்லென்று பட்டது. பட்டது இல்லை, நடந்தது. ஒரு அடி வைத்து, நின்று, முகர்ந்து பார்த்து, மறு அடி. அவளுக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துவிட்டது. ச்சே, வேர்வை. மின்விசிறி ஓடவில்லை, வேர்வைதான். வேர்வை மேலே ஏறுமா? வேர்வை கீழேதான் இறங்கும், இது ஏறுகிறது. காலையில் ஈரப் புல்லுக்குள் நடந்து வந்தபோது சல்வாரின் ஓரத்தை உதறினாளே, நன்றாகத்தான் உதறினாள், மடிப்புக்குள்ளே ஒன்று சுருண்டு கிடந்து அடிவாரம் வரைக்கும் டிக்கெட் எடுக்காமல் வந்திருக்கிறதோ? எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார்கள், மேஜைக்கு அடியில் எட்டுக் கால், அதற்குப் பெரிய விருந்து. குனிந்து பார்க்கலாம், ஆனால் ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறப்பதாவது. ஓய்வுநாள் பள்ளியில் ஒருமுறை, "டீச்சர், ஹெப்சி கண்ணத் தெறந்தா" என்று எவனோ போட்டுக்கொடுக்க, டீச்சர் காதைத் திருக, "அவன் தெறக்காம எப்படி டீச்சர் பாத்தான்?" என்று இவள் கேட்க, மறு காதும் போயிற்று. அன்றைக்குப் பிடித்தது இந்தச் சனி, நியாயம் கேட்கிற சனி. அதே வருஷம்தான் பெரிய வியாழனன்று அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கால் கழுவும் ஆராதனையைப் பார்த்தாள். பன்னிரண்டு பெரிய மனுஷர்கள் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், எல்லோரும் கமிட்டிக்காரர்கள், எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, ஒருத்தர் பவுடர்கூடப் போட்டு வந்திருந்தார், விரலிடுக்கில் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த ஊர்ப் போதகர் வெள்ளிக் கெண்டியிலிருந்து ஆளுக்கு மூன்று சொட்டு விட்டார், கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை துண்டால் ஒற்றி எடுத்தார், பாடகர் குழு உருகியது. "சுத்தமா இருக்கிற கால எதுக்கும்மா கழுவுறாங்க?" என்று கேட்டாள். "சும்மாரு." "பொம்பளைங்க கால யாரு கழுவுவா?" அம்மா தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள், அந்த இடம் இப்போதும் சில சமயம் ஞாபகத்துக்கு வருகிறது, இப்போது வருகிறது, இல்லை, இது தொடை இல்லை, கணுக்கால். அது கடிக்கும்போது தெரியாது, அதுதான் அதில் உள்ள அயோக்கியத்தனம். நடந்தால் தெரியும், நின்றால் தெரியும், கடித்துக் குடிக்கும்போது மட்டும் ஒன்றுமே தெரியாது. இப்போது ஒன்றுமே தெரியவில்லை. ஐயோ.

"அப்பத்தை நாங்கள் கிழங்காக மாற்றாதபடிக்கு, ஆட்டுக்குட்டியைக் காட்டுப்பன்றி ஆக்கிவிடாதபடிக்கு எங்கள் கைகளைக் காத்துக்கொள்ளும்" என்று ஐயா இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். "ஸ்தோத்திரம்." இந்த வேதமாணிக்கம் சார் யார் பக்கம் என்றே தெரியவில்லை, ஐயா எங்கே மூச்சு வாங்கினாலும் அங்கே ஒரு ஸ்தோத்திரம் விழுகிறது, கேட்டுத்தான் சொல்கிறாரா, இல்லை தூங்கிக்கொண்டே சொல்கிறாரா? கிழங்கு, காட்டுப்பன்றி. இதுதான் அவளுக்கு ராத்திரியெல்லாம் தொண்டையில் நின்ற முள். ஐயா முட்டாள் இல்லை, முட்டாளாக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும். இன்றைக்கு அட்டை, நாளைக்குக் கிழங்கு, அப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஆண்டவர் ஈரப்பாறையிலேயே பிறந்து வளர்ந்தவராகிவிடுவார், அப்புறம் எங்கேயோ தூரதேசத்தில் நடந்த ஒன்று நமக்காக நடந்தது என்று யார் சொல்வது? இதற்கு அவளிடம் பதில் இல்லை. இல்லை என்பதை ஒத்துக்கொள்ளும் ஆள் அவள் இல்லை, அது வேறு விஷயம். அப்பம் அப்பமாகவே இருக்கட்டும் ஐயா, யார் வேண்டாம் என்றது, அப்பத்தைக் கேட்டு யாரும் குலவை போடவில்லையே, குலவை போடுகிற இடத்தை மட்டும் மாற்றுவோம் என்று சொல்லலாம். சொன்னால் அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "அதத்தான் அடிக்குறிப்புல போடுறோமே, மகளே" என்பார். போன வாரம் அப்படித்தான் சமரசம் பேசினார்: தண்ணீர் மேலே, அட்டை அடிக்குறிப்பில். ஈரப்பாறையில் வேதத்தைக் காதால் படிக்கிறார்கள் ஐயா! நஞ்சியக்கா வாசிப்பாள், ஊர் கேட்கும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடப்பதை யார் காதில் போய் ஊதுவது? குலவை போட்டு முடித்து, பாதிப் பேர் எழுந்து போன பிறகு நஞ்சியக்கா கையைத் தட்டி, நில்லுங்க நில்லுங்க, கீழே ஒரு குறிப்பு இருக்கிறது, இது கல்யாணம் இல்லை என்பாளா? மகளே என்று வேறு கூப்பிடுவார். அதுதான் தாங்கவில்லை. மனதாரக் கூப்பிடுவார். வாலிபத்தில் இந்த மலைக்கு முதல்முதலாக நடந்தே ஏறிய போதகர் அவர், அவளுக்கு அதுவும் தெரியும்.

"கடைசியாக ஒரு விண்ணப்பம் ஆண்டவரே" என்றார் ஐயா. கடைசியாக என்றால் பாதி முடிந்தது என்று அர்த்தம், ஆனாலும் அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். ஏனென்றால் அவளுக்கு ஒன்று உறைத்துவிட்டது. உதவியாளர் கேட்டால் மட்டும் பேசலாம், சரி. ஜெபிக்கக் கூடாது என்று விதி இருக்கிறதா? எந்தக் கூட்டத்திலும் ஜெபத்தின் முடிவில் ஐயா ஒரு வார்த்தை சொல்லுவார், வேறு யாராவது ஜெபிக்கலாம் என்று, சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார், யாரும் ஜெபிக்க மாட்டார்கள், ஆமென் போட்டு முடிப்பார். அந்த ஒரு மூச்சு. அதற்குள் புகுந்துவிட்டால் இந்த மேஜையில் யாரும் கண்ணைத் திறக்க முடியாது, யாரும் குறுக்கே பேச முடியாது, அவர் விதி அவருக்கே. எப்படி ஆரம்பிப்பது? அன்புள்ள ஆண்டவரே, கீழ்க்கண்ட காரணங்களால், சே, இது மனு. சர்வவல்லமையுள்ள தேவனே, எருசலேமில் அட்டை இல்லை என்று சற்றுமுன் உமக்குச் சொல்லப்பட்டது, அதற்கு மறுப்பாக, ஐயோ, கோபமாக வருகிறதே. கோபமில்லாமல் அவளுக்கு வார்த்தையே வந்ததில்லை. கண்ணீர் வந்துவிட்டால் இன்னும் மோசம், பெண்பிள்ளை அழுதது என்று எல்லாம் முடிந்துபோகும். கணுக்காலில் இன்னும் ஒன்றுமே தெரியவில்லை. "வேறு யாருக்காவது விண்ணப்பம் இருந்தால் ஜெபிக்கலாம்" என்று ஐயா சொன்னார், மூச்சை நிறுத்தினார், நஞ்சியக்காவின் முழங்கை அவள் விலாவில் இடித்தது, தெரியாமல் இடித்ததா தெரிந்து இடித்ததா, "ஆண்டவரே!" என்று ஹெப்சிபா கத்திவிட்டாள்.

கத்தல்தான். அறைக்குள் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "ஆண்டவரே, நஞ்சியக்கா பேசாமல் நடந்து வந்தார்கள்" என்றாள், யோசித்து வைத்திருந்தது இது இல்லை, "அதை நீர் பார்த்தீர். வேறு யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஆனால் நான் பேசக் கூடாது." "ஸ்தோத்திரம்" என்றார் பேராசிரியர். அவர் அவள் பக்கமும் சொல்கிறார்! தைரியம் வந்து மூச்சிழுத்து, மூச்சிழுக்கிற சாக்கில் பயம் தாங்காமல் ஒரு கண்ணைத் திறந்து, மேஜைத்துணியை விலக்கிக் காலைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அடுத்த காலைப் பார்த்தாள், அதுவும் சுத்தம். அதற்கும் அடுத்து இருந்தது ஞானாபரணம் ஐயாவின் வெறுங்கால், வெள்ளை வேட்டியின் ஓரத்துக்குக் கீழே, நரம்பு தெரிய, வயசான கால். அதன்மேல் திராட்சைப்பழம் மாதிரி பருத்து, கறுத்து, குடித்து மயங்கித் தொங்கிக்கொண்டிருந்தது அவள் மலையிலிருந்து கொண்டுவந்தது. அவர் கண்ணை மூடி, நெற்றி சுருங்க, அவள் ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார், அது முகத்தில் தெரிந்தது. இன்னும் எவ்வளவு வாதம் பாக்கி இருக்கிறது, குலவை, காதால் படிப்பது, அடிக்குறிப்பு, ஒன்றையும் சொல்லவில்லையே, கண்ணை மூடு ஹெப்சி, ஆமென் வரைக்கும் அது குடிக்கட்டும், அவர் ரத்தம்தானே. அவள் நாற்காலியைத் தள்ளினாள், மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள், அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, மலையில் நஞ்சியக்கா சொல்லிக்கொடுத்த மாதிரி வாய்ப் பக்கம் நகத்தைக் கொடுத்து நெம்பிப் பிடுங்கினாள்.

"ஏய், யாரு, என்ன பண்றே!" ஐயா துள்ளிக் கண்ணைத் திறந்தார். மேஜைத்துணியைத் தூக்கி, அவளைப் பார்த்து, அவள் விரல் நுனியில் நெளிவதைப் பார்த்து, தன் காலைப் பார்த்தார். ரத்தம் நிற்காமல் ஓடி அவள் துப்பட்டாவில் இறங்கியது. அட்டைக் கடி அப்படித்தான், பிடுங்கின பிறகுதான் ஓடும். "ஐயையோ, எந்திரிம்மா, நீ போயி என் காலத் தொடுறதாவது! வேண்டாம், வேண்டாம்மா, விடு" என்று காலை இழுத்தார். அவள் விடவில்லை, துப்பட்டா முனையைச் சுருட்டிக் கடிவாயில் அழுத்திப் பிடித்தாள். விடுவதா, மடி முழுக்க ரத்தமாகிவிடுமே.

"பேதுருவும் இப்பிடித்தானுங்க ஐயா சொன்னாரு" என்றாள் நஞ்சியக்கா.

அவள் அந்த அறையில் பேசிய முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு அவளே பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டாள். ஐயா அவளைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். காலை இழுப்பதை நிறுத்திவிட்டார். மேஜைக்கு அடியிலிருந்து ஹெப்சிபாவுக்கு அவர் முகம் தெரியவில்லை, கால் மட்டும்தான் தெரிந்தது, இறுக்கமாக இருந்த கால், கொஞ்சம் கொஞ்சமாக அவள் மடியில் கனத்தது. சொல்ல எவ்வளவோ இருந்தது, வாய்வரைக்கும் வந்தது, வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் அதைச் சொல்லவில்லை. அட்டையை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை, இன்னொரு கையில் அது நெளிந்துகொண்டிருந்தது.

மேலேயிருந்து தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"தண்ணி அடிக்குறிப்புக்குப் போகட்டும்" என்றார் போதகர் ஞானாபரணம், நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"ஸ்தோத்திரம்" என்றார் பேராசிரியர் வேதமாணிக்கம், இன்னும் கண்ணைத் திறக்காமல்.